முதுகுவலி என்று வருகிற பெண்ணிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்

திருநெல்வேலி மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

நான் முக்கூடல் பக்கத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடம் எடுக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை மனுவில் எழுத இடம் போதாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது: மார்பகப் புற்றுக்கு வைத்தியம் பார்த்த பெண்ணுக்கு வருகிற எலும்பு வலி. அதனால்தான் மடலாக எழுதுகிறேன்.

என் அம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றினாள். அவள் உட்கார்ந்திருந்த இடம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. வாசல் நடைக்கு உள்ளே, வெளிச்சம் வரும், வெயில் வராது, அப்படி ஓர் ஓரம். மடியில் சொளகு (முறம்). அதில் ஒரு பக்கம் தூள், மறுபக்கம் நனைத்து வெட்டி வைத்த இலை. காத்தாடி போட முடியாது. தூள் பறந்துவிடும், இலை காய்ந்துவிடும். எங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தால், சாயங்காலம் கட்டுகளை எடுத்துக்கொண்டு பீடிக்கடைக்குக் கிளம்பும்போதுதான் தெருவைப் பார்ப்பாள். நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயில் எங்கள் வீட்டு ஓட்டின்மேல் வருஷம் முழுக்க அடித்தது. அம்மாவின் மேல் படவில்லை.

2013-இல் அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. அப்போது வயது 54. ஆபரேஷன் செய்தார்கள், கீமோ கொடுத்தார்கள், அப்புறம் கரண்டு (கதிர்வீச்சு) வைத்தார்கள். எல்லாம் முடிந்தபின் புற்று திரும்பாமல் இருக்க ஐந்து வருஷத்துக்குத் தினமும் ஒரு லெட்ரோசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். முடி திரும்ப வளர்ந்தது. மறுபடியும் சொளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போன செக்கப், வருஷத்துக்கு ஒரு தடவையாகி, அப்புறம் பஸ்ஸுக்கும் ஒரு நாள் கூலிக்கும் கணக்குப் பார்த்து நின்றுபோனது. அது முடிந்த கதை என்று நாங்கள் எல்லாருமே நம்பிவிட்டோம். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

2018 ஆவணியில் முதுகுவலி தொடங்கியது. “பகல்ல தேவல, ராத்திரி படுத்தாத்தான் கடுக்குது” என்றாள். இந்த ஒரு வாக்கியத்தை நான் இப்போது கேட்டால் அந்த நிமிஷமே ஆட்டோ பிடிப்பேன். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பீடி சுற்றுகிற பெண்ணுக்கு முதுகுவலி இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் முதுகுவலிதான். வாய்வு என்றார்கள், குளிர்ந்த தரையில் படுத்ததால் என்றார்கள். ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். வலி ஊசி, கால்சியம் மாத்திரை, நரம்புச் சத்து மாத்திரை. ஊசி போட்டால் இரண்டு நாள் தேவலை. திரும்ப வலி. திரும்ப ஊசி. நாலு மாதம் இப்படியே ஓடியது. அந்த நாலு மாதத்தில், இதற்கு முன்னால் உங்களுக்கு என்ன வைத்தியம் நடந்திருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முதுகுவலிக்காகப் போன இடத்தில், முன்பின் தெரியாத ஓர் ஆண் டாக்டரிடம், மார்பில் ஆபரேஷன் நடந்ததை அவளாக எப்படி எடுத்துச் சொல்வாள்?

பொங்கலுக்கு முந்தின வாரம், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்பினாள். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் தனக்குள்ளேயே கேட்டதாகச் சொன்னாள். முதுகெலும்பில் ஒரு கட்டை நொறுங்கிப் போயிருந்தது. ஸ்கேன் எடுத்தபோது இன்னும் இரண்டு முதுகெலும்புகளிலும், விலாவிலும், இடுப்பெலும்பிலும் புற்று இருந்தது. அதே சமயம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அளவு 9. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள்.

அந்த 9 என்ற எண்தான் என்னைப் படிக்க வைத்தது. பாடப்புத்தகத்தில் வைட்டமின் டி என்றால் குழந்தைகளின் எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தவள் நான். படித்துத் தெரிந்துகொண்டதில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன். உங்களில் மருத்துவர்களுக்கு இது பழைய செய்தி. ஆனால் வீட்டு வாசலில் நின்று பி.பி. பார்க்கிற தன்னார்வலருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மார்பகப் புற்று உடம்பில் வேறு இடத்துக்குப் பரவினால், அதிகம் போய்ச் சேருகிற இடம் எலும்பு. முற்றிய நிலையில் இருக்கும் பெண்களில் பத்தில் ஏழு பேருக்கு எலும்பில் அது இருக்கும். ஏன் எலும்பு என்ற கேள்வியை 1889-லேயே லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர் கேட்டுவிட்டார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, புற்று கண்ட இடத்தில் போய் விழுவதில்லை என்றார். விதை எல்லாப் பக்கமும் பறக்கும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். ஆற்றுப் பாசனத்தில் பிசான நெல் போட்டு வளர்ந்த நம் ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாற்று நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, வயல் பக்குவப்பட்டிருக்க வேண்டும். புற்று விஷயத்தில் நமக்கு வேண்டியது தலைகீழ்: அந்த வயல் பக்குவப்படாமல் இருக்க வேண்டும்.

எலும்பு கல்லைப் போல ஒரே நிலையில் இருப்பதில்லை. பழைய காரையைச் சுரண்டிவிட்டுப் புதுக் காரை பூசுவதுபோல, எலும்பைக் கரைக்கிற செல்களும் கட்டுகிற செல்களும் ஆயுள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கின்றன. எலும்புக்குள் வந்து சேர்ந்த மார்பகப் புற்றுசெல் ஒரு பொருளைச் சுரந்து, கரைக்கிற செல்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதற்குள் புதைந்து கிடக்கும் வளர்ச்சிக் காரணிகளும் கால்சியமும் வெளியே வருகின்றன. அவற்றைத் தின்று புற்று பெருக்கிறது. பெருத்த புற்று இன்னும் அதிகமாகத் தூண்டுகிறது, இன்னும் எலும்பு கரைகிறது. இந்தச் சுழலில்தான் அம்மாவின் முதுகெலும்பு உளுத்துப் போனது.

வைட்டமின் டி இதில் எங்கே வருகிறது? நாம் சாப்பிடும் கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்ச அது வேண்டும். அது குறைந்தால் இரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்க்கும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நெல்மணி அளவில் நாலு சுரப்பிகள் உண்டு. அவை உடனே விழித்துக்கொண்டு, எலும்பைக் கரைத்தாவது இரத்தத்துக்குக் கால்சியம் கொண்டுவா என்று உத்தரவு போடும். அதாவது, புற்று வந்து தூண்டும் முன்பே அங்கே கரைக்கிற வேலை வேகமாக நடந்துகொண்டிருக்கும். விதைக்கு முன்பே உழுது போட்ட மண்.

இது வெறும் ஊகமா என்று கேட்டால், எலிகளில் பார்த்திருக்கிறார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு கூட்டம் எலிகளுக்கு வைட்டமின் டி இல்லாத தீனி போட்டார்கள். நாலு வாரத்தில் குறைபாடு வந்தது. பிறகு மனித மார்பகப் புற்றுசெல்களை எலும்பில் வைத்தார்கள். குறைபாடுள்ள எலிகளின் எலும்பில் புற்று சீக்கிரம் தலைகாட்டியது, அளவிலும் கூடுதலாக வளர்ந்தது. எலும்பு கரைவதை மருந்தால் அடக்கிப் பார்த்தபோதும் குறைபாடுள்ள எலிகளிடம்தான் பெரிய கட்டி இருந்தது. வைட்டமின் டி இல்லாதது எலும்பு வழியாக மட்டுமல்லாமல் புற்றுசெல்லின் மேலும் நேரடியாக வேலை செய்கிறது என்ற சந்தேகம் அங்கேதான் வலுத்தது.

ஆனால் எலி எலிதான், மனுஷி மனுஷிதான். கனடாவின் டொரான்டோவில் 512 பெண்களை ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. நோய் கண்டுபிடித்த சமயத்தில் வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தவர்களுக்குப் புற்று பரவுவது அதிகமாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அந்தத் தொடர்பு அப்படியே தென்படவில்லை. நோய் முற்றியதால்தான் வைட்டமின் குறைந்ததோ, உடல் பருமனால் குறைந்ததோ என்ற கேள்விகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் 25,871 பேரிடம் தினம் 2000 யூனிட் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. புற்றுநோய் வருவதை அது குறைக்கவில்லை. அதனால், வைட்டமின் டி சாப்பிட்டால் மார்பகப் புற்று எலும்புக்குப் போகாது என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு முன்னாலேயே கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி மருந்து விற்கிறவர்கள் நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களை நம் கிராமங்களுக்குள் விடாதீர்கள்.

சரி, அப்படியானால் எதற்கு இந்த மடல்? வைட்டமின் டி புற்றைத் தடுக்கிறதோ இல்லையோ, மார்பகப் புற்று வந்த பெண்ணின் எலும்பைக் காப்பாற்ற அந்த அளவு தெரிந்தே ஆக வேண்டும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் குறைப்பதால் எலும்பைத் தேய்க்கின்றன. அதை வருஷக்கணக்கில் சாப்பிட்ட என் அம்மாவுக்கு ஒரு தடவைகூட எலும்பு அடர்த்தியோ வைட்டமின் டியோ பார்க்கவில்லை. எலும்புக்குப் பரவிய பிறகு கொடுக்கும் சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் ஆகியவை எலும்பு கரைவதை நிறுத்துகிறவை. வைட்டமின் டி குறைவாக இருக்கும் பெண்ணுக்கு அவற்றைப் போட்டால் இரத்தத்தில் கால்சியம் திடுமென்று இறங்கி, கை கால் இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பும் தடுமாறலாம். அம்மாவைக் கடைசியில் பார்த்த டாக்டர் முதலில் வைட்டமின் டியை ஏற்றினார், பல் டாக்டரிடம் அனுப்பித் தாடையைச் சோதித்தார், அதன் பிறகுதான் அந்த மருந்தைத் தொட்டார். அந்தப் பொறுமைக்காக அவரை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. வைட்டமின் டி குறைந்தாலும் எலும்பு வலிக்கும். முதுகு, இடுப்பு, தொடை, விலா எல்லாம் வலிக்கும். புற்று பரவினாலும் அதே இடங்கள்தான் வலிக்கும். நம் பீடிப் பெண்களுக்கு, பத்தமடையில் பாய் முடைகிற பெண்களுக்கு, மேலப்பாளையத்தில் வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத பெண்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. தென்னிந்தியாவில், வெயிலுக்குப் பஞ்சமில்லாத திருப்பதியில்கூடக் குறைபாடு பரவலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே, “எல்லாருக்கும் இருக்கிற சத்துக் குறைவுதான்” என்று சொல்லிவிடுவது ரொம்பச் சுலபம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். பத்தாவது ஆள்தான் என் அம்மா.

அதனால் உங்களிடம் நான் முதலில் கேட்பது காசு செலவில்லாதது. முதுகு, இடுப்பு, விலா வலி என்று எந்தப் பெண் வந்தாலும், “உங்களுக்கு மார்பில் கட்டி எடுத்திருக்கிறதா, எப்போதாவது கரண்டு வைத்திருக்கிறார்களா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெண் செவிலியர் கேட்டால் பதில் வரும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் கட்டாயம் வரும். பத்து வருஷம் ஆகிவிட்டதே என்று விட வேண்டாம். மார்பகப் புற்று பத்து, பதினைந்து வருஷம் கழித்தும் எலும்பில் எழுந்து வரும். ஆம் என்று சொல்கிற பெண்ணுக்கு வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, ராத்திரியில் படுத்தால் கூடினாலோ, ஊசியோடு நிறுத்தாமல் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஒரு இடத்தில் எலும்புச் சத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். எலும்பு ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ அதற்கு முன்பே காட்டிவிடும்.

கால் மரத்துப் போகிறது, நடை தள்ளாடுகிறது, ஒன்றுக்குப் போக முடியவில்லை என்று அவள் சொன்னால் அன்றைக்கே அனுப்ப வேண்டும். தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு நாள் தாமதித்தால் அப்புறம் அவள் எழுந்து நடக்காமலே போகலாம். இன்னொன்றையும் நம் ஊரில் தவறவிடுகிறார்கள். தாகம் அடங்கவில்லை, மலம் இறங்கவில்லை, குமட்டுகிறது, சதா தூங்குகிறாள் என்றால் கோடையில் எல்லாரும் வெயில் சூடு என்று மோர் கொடுத்துவிடுவோம். எலும்பு கரைந்து இரத்தத்தில் கால்சியம் ஏறினாலும் இதெல்லாம்தான் வரும். அந்த நிலையில் இருக்கிற பெண்ணுக்குச் சத்துக்காக என்று கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தால் நெருப்பில் எண்ணெய் விட்ட மாதிரி. இதனால்தான், பார்க்காமல் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலம் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு மதினி, வாரம் ஒன்று என்று சொன்னதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு ஒரு மாதம் பாலில் கலக்கிக் குடித்தாள். வாந்தியும் மயக்கமுமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நல்லவேளை, சிறுநீரகம் தப்பியது.

இரண்டாவதாகக் கேட்பதற்குப் பணம் வேண்டும். மார்பகப் புற்றுக்கு வைத்தியம் பார்த்த எல்லாப் பெண்களுக்கும் வருஷம் ஒரு தடவை வைட்டமின் டி, கால்சியம் பரிசோதனையை இலவசமாக்குங்கள். அம்மாவின் அந்த ஒரு பரிசோதனைக்கு நான் வெளியே கொடுத்தது அவளுடைய ஒரு வாரக் கூலிக்கு மேல். பீடி சுற்றுகிற பெண் அந்தக் காசை எலும்புக்காகச் செலவழிக்க மாட்டாள், மகள் ஃபீஸுக்குத்தான் வைப்பாள். நான் கேட்பது ஊரில் இருக்கிற எல்லாருக்கும் அல்ல. வைத்தியம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்களுக்கு மட்டும். அவர்கள் யார் யார் என்று உங்கள் தன்னார்வலர்களின் நோட்டில் ஒரு தனிப் பக்கம் இருந்தால் போதும், தெருவுக்கு ஒருவர் இருவர்தான் இருப்பார்கள். சர்க்கரை மாத்திரை கொடுக்கப் போகும்போது “முதுகு வலிக்கிறதா?” என்று அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

வெயிலில் நில்லுங்கள் என்று சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. காலை இளவெயில் நல்லது என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். தோலில் வைட்டமின் டி உண்டாக்குகிற கதிர் இளவெயிலில் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரத்தில்தான் அது போதுமான அளவு இறங்கும். கண்ணாடி ஜன்னல் வழியாக அது வராது. சேலை மறைத்த தோலிலும் படாது; கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். நம் ஊர் பதினொரு மணி வெயிலில் கால் மணி நேரம் கையும் காலும் படும்படி நிற்பது வேலை செய்கிற பெண்ணுக்கு லேசான காரியம் இல்லை, கீமோவில் இருப்பவள் நிற்கவும் கூடாது. சாளை மீனும் முட்டையும் உதவும், ஆனால் 9-இல் இருக்கிறவளை அவை மட்டும் தூக்கி நிறுத்தாது. அவளுக்கு மருந்துதான் வேண்டும், அதை அளந்து கொடுக்க ஒரு மருத்துவர் வேண்டும். ஆகவே வெயில் அறிவுரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

அம்மா அதற்குப் பிறகு இரண்டேமுக்கால் வருஷம் இருந்தாள். முதுகுக்கு ஒரே நாளில் கரண்டு வைத்தார்கள். மூன்றாவது வாரம் வலி பாதியாகக் குறைந்தது. மாதம் ஒரு தடவை சோலெட்ரானிக் அமிலம் ஏறியது. பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், தினம் நூறு பீடி சுற்றினாள். பேத்தி சடங்குக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு நடந்து வந்தாள். 2021 புரட்டாசியில் போய்ச் சேர்ந்தாள். எலும்புக்குப் பரவிய பிறகும் பல வருஷம் நல்லபடியாக வாழ முடியும் என்பதை அவள் எனக்குக் காட்டினாள். அந்த நாலு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் முதுகெலும்பு நொறுங்கும் முன்பே இதெல்லாம் தொடங்கியிருக்கும். குடத்தோடு திரும்பியபோது வந்த அந்தச் சத்தத்தை அவள் கேட்டிருக்க வேண்டியதில்லை.

முகாம் போட நினைத்தால் தயவுசெய்து காலை பத்து மணிக்குச் சமுதாய நலக்கூடத்தில் போடாதீர்கள். அந்த நேரத்தில் சொளகை இறக்கி வைத்துவிட்டு எந்தப் பெண்ணும் வர மாட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பீடிக்கடை வாசலுக்கு வாருங்கள். கட்டு கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்க எல்லாரும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். ஒரு செவிலியரும் ஒரு நாற்காலியும் மறைப்புக்கு ஒரு திரையும் இருந்தால் போதும். திரை நான் தைத்துத் தருகிறேன். பள்ளி நாலு பத்துக்கு விட்டுவிடும், நாலரைக்கு நானும் அங்கே இருப்பேன். எந்த வீட்டில் யாருக்கு ஆபரேஷன் நடந்தது என்று எங்கள் தெருப் பெண்கள் என்னிடம் சொல்வார்கள். நான் உங்களை அவர்களிடம் கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
பீடி சுற்றிய ஒருத்தியின் மகள்,
முக்கூடல் அருகிலிருந்து